படம் முடிந்த பின்பு

தொலைக்காட்சி நாடகத்தைப் பற்றி எழுதுவது விமர்சகனுக்கு இழுக்கு என்ற எண்ணம் நம் சிறுபத்திரிகை வட்டாரத்தில் இன்னும் இருக்கிறது. வணிகச் சரக்கு, அதைப் பார்த்து அழுகிறவர்கள் ஏமாளிகள் என்று ஒரே வரியில் தீர்ப்பு முடிந்துவிடும். சரக்கைப் பற்றி அந்தத் தீர்ப்பு பல சமயங்களில் சரியாகவே இருக்கலாம். ஆனால் பார்த்தவனைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. அழுதவன் அழுது முடித்தபின் எழுந்து என்ன செய்தான் என்ற கேள்வியை நம்மில் யாரும் கேட்பதில்லை. 1983ல் அமெரிக்காவில் ஒரு திங்கட்கிழமை இரவு ஒளிபரப்பான ஒரு படத்தின் விஷயத்தில் இந்தக் கேள்விக்கு ஓரளவு பதில் கிடைக்கிறது. அந்தப் பதில் நாம் கலையைப் பற்றிச் சுலபமாகப் பேசிவிடுகிற சில விஷயங்களைச் சோதிப்பதாக எனக்குப் படுகிறது.

படத்தின் பெயர் ‘ஆடம்’. 1983 அக்டோபர் 10ந் தேதி என்.பி.சி. தொலைக்காட்சியில் வந்தது. இயக்கம் மைக்கேல் டக்னர்; தந்தையாக டேனியல் ட்ராவான்டியும் தாயாக ஜோபெத் வில்லியம்ஸும் நடித்தார்கள். கதை நடந்த கதை. ஃப்ளோரிடா மாநிலத்திலும் ஹாலிவுட் என்று ஓர் ஊர் உண்டு. சினிமாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அங்கே 1981 ஜூலை 27ந் தேதி ஒரு பெரிய கடையில், தாயின் பார்வையிலிருந்து விலகிய சில நிமிஷங்களில், ஆடம் வால்ஷ் என்ற 6 வயதுச் சிறுவன் காணாமல் போனான். இரண்டு வாரம் கழித்து அவன் கொலையுண்டது உறுதியாயிற்று. அவனுடைய பெற்றோர் அதன்பின் வாஷிங்டனுக்குப் போய்ச் சட்டம் கேட்டார்கள். அவர்களுடைய வாதம் எளிமையானது: திருடு போன காரின் விவரத்தை மத்தியப் புலனாய்வுத் துறையின் கம்ப்யூட்டரில் ஏற்ற முடிகிறது, திருடு போன குழந்தையின் விவரத்தை ஏற்ற வழியில்லை. 1982 அக்டோபரில் அந்த வழியைத் திறந்து சட்டம் வந்தது.

படம் இந்த இரண்டையும் சொல்கிறது: முதலில் தேடல், பிறகு சட்டத்துக்கான போராட்டம். கொலையாளி யாரென்று அப்போது தெரியாது. ஆகவே கதையின் மையத்தில் இருக்கவேண்டியவன் முகமில்லாமல் இருக்கிறான். இது உத்தி அல்ல, நிர்ப்பந்தம். ஆனால் கலையில் நிர்ப்பந்தமும் அர்த்தம் கொள்கிறது. இதற்குப் பிறகு வருகிறேன்.

அந்த இரவில் புதிதாக இருந்தது படம் முடிந்த பிறகு நடந்தது. நிஜமாகவே காணாமல் போன 55 குழந்தைகளின் புகைப்படங்களும் விவரங்களும் திரையில் வந்தன. கூப்பிடுவதற்கு ஒரு தொலைபேசி எண்ணும் வந்தது. படத்தைப் பார்த்தவர்கள் சுமார் 3 கோடியே 80 லட்சம் பேர் என்று கணக்கிட்டார்கள். அவர்கள் கூப்பிட்டார்கள். படம் காட்டப்பட்ட குழந்தைகளில் சிலர் கண்டுபிடிக்கப்பட்டார்கள். 1984 ஏப்ரலிலும் 1985 ஏப்ரலிலும் படத்தை மறுபடி ஒளிபரப்பினார்கள்; புகைப்படங்களும் மறுபடி வந்தன.

பி.ஏ. ஆங்கில வகுப்பில் எங்களுக்கு அரிஸ்டாட்டிலைச் சொல்லித் தந்தார்கள். துன்பியல் நாடகம் பார்ப்பவனிடம் இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்பி, அவற்றை வடித்து, அவனை அமைதியாக வீட்டுக்கு அனுப்புகிறது என்பது பாடம். பின்னால் சிறுபத்திரிகைகளின் மூலம் பிரெக்டைப் படித்தோம். வடித்து அனுப்புவதுதான் மோசடி, பார்வையாளன் அழுது ஓயக்கூடாது, அரங்கை விட்டு வெளியே வந்து உலகத்தில் தலையிடவேண்டும் என்றார் அவர். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து ‘ஆடம்’ படத்தைப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரிகிறது. பிரெக்ட் வாழ்நாள் முழுவதும் கேட்டதை, விளம்பரங்களுக்கு நடுவே ஓடிய ஒரு கண்ணீர்ப் படம் ஒரே இரவில் சாதித்துவிட்டது. பார்வையாளன் எழுந்தான், தலையிட்டான். ஆனால் பிரெக்ட் விரும்பிய தூரமும் யோசனையும் அவனிடம் இல்லை. அச்சம் வடியாமலே அவன் தொலைபேசியை எடுத்தான். அரிஸ்டாட்டிலின் சிகிச்சையும் கிடைக்கவில்லை, பிரெக்டின் தெளிவும் கிடைக்கவில்லை, செயல் மட்டும் கிடைத்தது. செயலைத் தூண்டுவதே கலையின் வெற்றி என்று மேடைகளில் பேசுகிற நண்பர்கள் இந்த இடத்தில் சற்று நிற்கவேண்டும்.

அந்தச் செயல் எங்கெங்கே போயிற்று என்பதையும் பார்க்கவேண்டும். 1984 ஜூனில் காணாமல் போன குழந்தைகளுக்கான தேசிய மையம் தொடங்கப்பட்டது. அதே வருஷம் செப்டம்பரில் அயோவா மாநிலத்தின் டி மாய்ன் நகரப் பால் நிறுவனம் ஒன்று, அந்த வட்டாரத்தில் செய்தித்தாள் போடப்போய்த் திரும்பி வராத இரண்டு பையன்களின் படங்களைப் பால் அட்டைப்பெட்டிகளில் அச்சிட்டது. 1985 தொடக்கத்தில் இது நாடு தழுவிய ஏற்பாடாயிற்று. பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கைரேகை எடுத்து வைத்துக்கொண்டார்கள். அந்நியரிடம் பேசாதே என்பது பள்ளிப் பாடமாயிற்று. காலை உணவு மேஜையில் தினமும் இந்தப் படங்களைப் பார்க்கும் குழந்தைகள் வீணாகப் பயப்படுகிறார்கள் என்று பெஞ்சமின் ஸ்பாக் போன்ற குழந்தை மருத்துவர்கள் ஆட்சேபித்தார்கள். எண்பதுகளின் இறுதிக்குள் பால்பெட்டிப் படங்கள் பெரும்பாலும் மறைந்தன, பயம் மறையவில்லை.

இந்தப் பயத்துக்குப் பின்னால் இரண்டு எண்கள் இருந்தன. வருஷத்துக்கு 15 லட்சம் குழந்தைகள் காணாமல் போகிறார்கள், அவர்களில் 50,000 பேரை அந்நியர்கள் கடத்துகிறார்கள் என்பது அன்று திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட கணக்கு. நான் வங்கியில் குமாஸ்தா. கூட்டுத்தொகையைப் பார்த்தால் வவுச்சரைத் தேடுவது என் தொழில்பழக்கம். இந்த எண்களுக்கு வவுச்சர் இல்லை என்பதை 1985ல் ‘டென்வர் போஸ்ட்’ பத்திரிகையின் நிருபர்கள் எடுத்துக்காட்டினார்கள். காணாமல் போனதாகக் கணக்கில் வருகிறவர்களில் பெரும்பாலோர் தாங்களாக வீட்டை விட்டு ஓடியவர்கள், அல்லது மணமுறிவு வழக்கில் தாயோ தந்தையோ தூக்கிக்கொண்டு போன பிள்ளைகள். அந்தக் கட்டுரைகளுக்கு 1986ல் புலிட்ஸர் பரிசு கிடைத்தது. 1990ல் அரசாங்கமே நடத்திய ஆய்வின் முடிவுகள் வெளியாயின. 1988ஆம் வருஷத்துக்கான அதன் மதிப்பீடு இப்படி: குடும்பத்தைச் சேர்ந்தவர்களே எடுத்துச்சென்ற பிள்ளைகள் 3,54,100. ஓடிப்போனவர்கள் 4,50,700. ஆடமுக்கு நேர்ந்ததைப் போல, நாம் கடத்தல் என்ற சொல்லைக் கேட்டதும் நினைக்கிற விதத்தில் அந்நியரால் கடத்தப்பட்டவர்கள் 200 முதல் 300 வரை.

200 என்பது சிறிய எண் என்று நான் சொல்லவில்லை. அதில் ஒருவனாகத் தன் பிள்ளையைக் கொடுத்த தகப்பனிடம் போய்ச் சதவிகிதம் பேசுகிறவன் மனுஷன் அல்ல. என் அக்கறை வேறு. படம் முடிந்ததும் வந்த புகைப்படங்களை ஜனங்கள் எப்படி வாசித்தார்கள்? ஒரு புகைப்படம் தன் கதையைத் தானே சொல்லாது. பள்ளிக்கூடத்தில் எடுத்த படம், முன்பல் விழுந்த சிரிப்பு, பெயர், பிறந்த தேதி, கடைசியாகப் பார்த்த இடம். இவ்வளவுதான் அதில் இருக்கும். அதற்கு முன் கொஞ்ச நேரம் ஓடிய கதைதான் அதற்குப் பொருள் தந்தது. ஒவ்வொரு சிரிப்புக்குப் பின்னாலும் ஒரு கடை, சில நிமிஷங்கள், முகமில்லாத ஓர் அந்நியன் என்று பார்வையாளன் படித்துக்கொண்டான். அந்த முகங்களில் சில, ஒரு வீட்டுக்குள் நடந்த சண்டையின் மிச்சமாக இருந்திருக்கலாம். அந்தச் சண்டையைப் பற்றி அவன் எந்த நாடகமும் பார்த்திருக்கவில்லை. முன்னால் சொன்ன நிர்ப்பந்தம் இங்கேதான் அர்த்தம் கொள்கிறது. படத்தில் காலியாக விடப்பட்ட அந்த முகத்தின் இடத்தில், பார்த்தவன் தெருவில் போகிற எந்த முகத்தையும் வைக்கலாம் என்றாயிற்று.

இதே விஷயத்தை 52 வருஷங்களுக்கு முன்பு வேறுவிதமாகக் கையாண்ட படம் ஒன்று உண்டு. ஃப்ரிட்ஸ் லாங் 1931ல் ஜெர்மனியில் எடுத்த ‘எம்’. பிலிம் சொசைட்டிகளின் புண்ணியத்தில் நம்மில் பலர் பார்த்த படம்தான். அதில் சிறுமி இறப்பதை லாங் காட்டுவதில்லை. சாப்பாட்டு மேஜையில் காத்திருக்கும் தட்டு, புல்வெளியில் உருண்டு நிற்கும் பந்து, கம்பிகளில் சிக்கிப் பறந்துபோகும் பலூன் என்று மூன்றைக் காட்டுகிறார். அதன்பின் காமிராவை ஊர்ஜனங்களின் மேல் திருப்பிவிடுகிறார். அண்டை வீட்டார் ஒருவரையொருவர் சந்தேகிக்கிறார்கள். தெருவில் ஒரு சிறுமிக்கு மணி சொன்ன அப்பாவி மனிதரைக் கூட்டம் சூழ்ந்துகொள்கிறது. கொலைகாரனுக்கு முகம் உண்டு. கடைசியில் பேசவும் செய்கிறான். அவன் பேசும்போது அவனைக் கொல்லத் துடிக்கும் கூட்டத்தில் நாமும் இருப்பது நமக்கே தெரிகிறது. குழந்தை காணாமல் போவது ஒரு சமூகத்தை என்ன செய்கிறது என்பது லாங்கின் விஷயம். ‘ஆடம்’ படத்தின் விஷயம் அது ஒரு குடும்பத்தை என்ன செய்கிறது என்பது. சம்பவம் நடந்து இரண்டு வருஷமே ஆகியிருந்த நிலையில், பெற்றோரின் துக்கத்துக்கு மிக அருகில் நின்று எடுத்த படத்திடம் லாங்கின் தூரத்தை எதிர்பார்ப்பது நியாயமாகாது. ஆனால் லாங் திரைக்குள் காட்டிய ஊரை ‘ஆடம்’ திரைக்கு வெளியே உண்டாக்கியது என்பதையும் மறுக்க முடியாது.

எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே மாதிரியான பார்வையாளர்கள் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 1979க்கும் 1981க்கும் இடையில் அட்லாண்டா நகரில் கறுப்பினச் சிறுவர்களும் இளைஞர்களுமாக 28 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். தேசத்தின் கவனம் அங்கே திரும்பப் பல சாவுகள் தேவைப்பட்டன. 1985 பிப்ரவரியில் சி.பி.எஸ். தொலைக்காட்சி, ஏபி மான் எழுதிய ‘அட்லாண்டா குழந்தைக் கொலைகள்’ என்ற தொடர் நாடகத்தை ஒளிபரப்பியது. வெய்ன் வில்லியம்ஸுக்கு எதிரான வழக்கையே அது சந்தேகித்தது. நகரத்தின் அதிகாரிகள் ஆத்திரப்பட்டு எதிர்த்தார்கள். முழுக்க உண்மைப் பதிவு அல்ல, கற்பனையும் கலந்தது என்ற அறிவிப்பைச் சேர்த்துத்தான் தொடரைக் காட்ட முடிந்தது. ‘ஆடம்’ பார்வையாளனிடம் உதவி கேட்டது, உதவி கிடைத்தது. அட்லாண்டா நாடகம் நீதிமன்றத்தையும் போலீஸையும் கேள்வி கேட்டது, கிடைத்தது சண்டை. அந்நியனை எதிரியாகக் காட்டும் வரை ஊர் ஒன்றாக நிற்கும். ஊரின் ஸ்தாபனங்களைக் காட்டினால் நிற்காது.

ஒளிபரப்பான அதே மாதத்தில், வேறு குற்றத்துக்காகச் சிறையில் இருந்த ஆட்டிஸ் டூல் என்பவன் ஆடமைக் கொன்றது தானே என்றான். பிறகு இல்லை என்றான். 1996ல் சிறையிலேயே இறந்தான். 2008 டிசம்பரில் ஹாலிவுட் போலீஸ் அவனே கொலையாளி என்று அறிவித்து வழக்கை மூடியது. விசாரணை என்று ஒன்று கடைசிவரை நடக்கவில்லை. இதற்கிடையில் ஜான் வால்ஷ் 1988 பிப்ரவரி முதல் தேடப்படும் குற்றவாளிகளைப் பற்றிய வாராந்தரத் தொலைக்காட்சி நிகழ்ச்சியை நடத்தத் தொடங்கியிருந்தார். முதல் நிகழ்ச்சியில் காட்டப்பட்டவன் சில நாட்களிலேயே பிடிபட்டான். 1983ல் ஓர் இரவுக்காக எழுந்த பார்வையாளன் இப்போது வாரம்தோறும் எழுந்தான். சாட்சியாக இருப்பதே ஒரு பொழுதுபோக்காயிற்று.

இவ்வளவையும் சொன்ன பிறகு அந்தப் பார்வையாளனைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஒரு நாடகத்தைப் பார்த்து விட்டு, முன்பின் தெரியாத பிள்ளைக்காகத் தொலைபேசியை எடுத்தவன், நவீன கவிதை படித்துவிட்டுப் பேசாமல் படுத்துக்கொள்கிற என்னைவிட அன்று ஒரு காரியம் செய்தவன். சில பிள்ளைகள் வீடு திரும்பினார்கள். எந்த விமர்சனமும் இதைத் தள்ளிவிட முடியாது. அவனுடைய இரக்கம் நிஜம். அது எந்தப் பக்கம் பார்க்கவேண்டும் என்பதைத்தான் கதையின் வடிவம் தீர்மானித்துவிட்டது. அது வாசலுக்கு வெளியே பார்த்தது.

1990ல் வெளியான அந்த ஆய்வில் இன்னொரு வரி இருக்கிறது. வீட்டாரே துரத்திவிட்ட, அல்லது திரும்பி வந்தபோது சேர்த்துக்கொள்ள மறுத்த பிள்ளைகள், 1988ல் 1,27,100 பேர். அவர்களைத் தேடி யாரும் தொலைபேசி எண் கொடுக்கமாட்டார்கள். புகைப்படம் கொடுக்கவேண்டியவர்களே கதவைச் சாத்தியவர்கள். அந்தக் கதையை ஒரு திங்கட்கிழமை இரவில் 3 கோடியே 80 லட்சம் பேருக்குச் சொல்லியிருந்தால், முடிந்த பின்பு அவர்கள் யாரைக் கூப்பிட்டிருப்பார்கள்?