செப்பும் சீட்டும்: மேசையோர மாயக் கலையின் கதை

செப்பிடுவித்தை என்ற சொல் இன்று பெரும்பாலும் வசைச்சொல்லாகவே வழங்குகிறது. பட்டிமன்றத்தில் எதிரணியின் வாதத்தைச் சாய்க்க அதனைக் கையாளுவோர் பலர். பிரித்துப் பொருள் காண்போர் சிலர். செப்பு என்பது கைக்குள் அடங்கும் சிறு கிண்ணம். கிண்ணங்களைக் கவிழ்த்து வைத்து, அவற்றின் அடியில் உருண்டைகளைத் தோன்றவும் மறையவும் செய்த வித்தையே அப்பெயரைத் தந்திருக்க வேண்டும். இலத்தீனில் இவ்வித்தைக்காரனைக் குறித்த சொல் புளிக்காடி ஊற்றும் சிறு கிண்ணத்தின் பெயரிலிருந்து பிறந்தது. கிரேக்கத்தில் அது கூழாங்கல்லின் பெயரிலிருந்து பிறந்தது. கி.பி. 65இல் மறைந்த உரோமச் சிந்தனையாளர் செனகா தம் கடிதம் ஒன்றில், சொற்புரட்டர்களின் வாதங்களை இந்தக் கிண்ணங்களோடும் கற்களோடும் ஒப்பிட்டுள்ளார். நம் பட்டிமன்றப் பேச்சாளர்கள் அறியாமலே செனகாவின் வழியில் செல்கின்றனர் எனலாம்.

மூன்று மொழிகளிலும் பெயர் சூட்டிய முறை ஒன்றே. அரங்கோ மேடையோ அங்கே பெயரில் இடம்பெறவில்லை. கைக்கு அடங்கும் பொருளே இடம்பெற்றது. மாயக் கலை தன் தொடக்கத்தில் கைக்கெட்டும் தூரத்துக் கலையாகவே இருந்தது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை. இன்று அயல்நாடுகளுக்குச் செல்லும் பயணிகள் சிகாகோவிலும் ஹாலிவுட்டிலும் டோக்கியோவிலும் தேடிச் சென்று காணும் ‘க்ளோஸ்-அப்’ காட்சி புதுமை போலத் தோன்றினும், அது பழைமைக்குத் திரும்பிய கலையே.

ஆயினும் மாயக் கலையின் வரலாற்று நூல்கள் பெருமேடைகளையே பெரிதும் பேசுகின்றன. 1918இல் நியூயார்க்கின் ஹிப்போடிரோம் அரங்கில் ஹூடினி ஒரு யானையை மறையச் செய்தார். 1921இல் லண்டனில் செல்பிட் என்பவர் பெட்டிக்குள் படுத்த பெண்ணை இரண்டாக அறுத்துக் காட்டினார். இவற்றிற்குச் சுவரொட்டி உண்டு. நுழைவுச் சீட்டு உண்டு. நாளேட்டுச் செய்தி உண்டு. மூவர் அமர்ந்த மேசையில், ஒரு சீட்டுக் கட்டைக் கொண்டு ஒருவர் பத்து நிமிடம் நிகழ்த்தியதற்கு எந்தச் சான்று மிஞ்சும்? ஆயிரம் பேர் கூடிய கவியரங்கில் கைதட்டல் பெறும் வரி ஒன்று. நான்கு பேர் அமர்ந்த திண்ணையில் நெஞ்சைத் தொடும் வரி வேறொன்று. பின்னதைக் குறித்து வைப்பார் இல்லை.

பெயரும் சுவடும் அழிதல் இக்கலைஞர்க்கு நேர்ந்த பொது விதி. தென்னாட்டுப் பெயர் கொண்ட ஒருவரிடமிருந்தே அதற்குச் சான்று காட்டலாம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்திய வித்தைக்காரர் சிலர் லண்டனுக்குச் சென்று நிகழ்ச்சி நடத்தினர். அவர்களுள் புகழ் மிக்கவர் ராமோ சாமி. ஆங்கில அச்சில் உருமாறிய அப்பெயருக்குள் இராமசாமி இருப்பதைத் தமிழ்ச் செவிக்கு எடுத்துரைக்கத் தேவையில்லை. 1819இல் அவர் அமெரிக்காவிற்கும் சென்று வந்தார். 1821இல் வில்லியம் ஹாஸ்லிட் எழுதிய ‘இந்திய வித்தைக்காரர்கள்’ என்னும் கட்டுரை ஆங்கில உரைநடையில் சிறப்பிடம் பெற்றது. பித்தளைப் பந்துகள் நான்கினை மாறி மாறி வீசிப் பிடிக்கும் ஒருவரைக் கண்டு, இத்தகைய பிழையின்மையோடு தம்மால் எதனைச் செய்ய இயலும் என்று நாணி நிற்கிறார் ஹாஸ்லிட். பின்னர் நிலை மாறி, கைத்திறனைக் காட்டிலும் அறிவின் ஆற்றலே உயர்ந்தது என முடிவு கட்டுகிறார். தொடக்கத்தில் பட்ட நாணமே அக்கட்டுரையின் உண்மையான பகுதி. பிற்பகுதி எழுத்தாளர் தமக்குத் தாமே கூறிக்கொண்ட ஆறுதல். அவர் கண்டது ராமோ சாமியையே எனப் பலரும் கருதுவர். கட்டுரையாளரோ பெயரைக் குறிப்பிடவில்லை. 1850இல் ராமோ சாமி லண்டனில் வறுமையில் இறந்தார். அடக்கச் செலவிற்காக அவர் மனைவி பொதுமக்களிடம் பொருள் வேண்ட நேர்ந்தது.

அதே காலத்தில் வியன்னாவில் வாழ்ந்த யோஹான் நேப்போமுக் ஹோஃப்சின்ஸர் வேறு நிலையினர். 1806இல் பிறந்து 1875இல் மறைந்த அவர் ஆஸ்திரிய அரசின் நிதித்துறை அலுவலர். 1857 முதல் தம் இல்லக் கூடத்தில் நகரப் பெருமக்களை அமரச் செய்து, அரசுப் பணியாளர் என்பதால் மனைவியின் பெயரை முன்னிறுத்தி, மாயக் காட்சிகள் நடத்தினார். ‘மயக்கத்தின் ஒரு மணி நேரம்’ என்பது அந்நிகழ்ச்சியின் பெயர். சீட்டுக் கட்டினை நுண்கலைக் கருவியாக உயர்த்தியவர் அவரே. சீட்டு வித்தையை மாயக் கலையின் கவிதை என அவர் போற்றியதாகக் கூறுவர். கவிஞர்கள் மனங்கொள்ளத் தக்க கூற்று அது. அத்தகையவர் தம் குறிப்புகளை எரித்துவிடுமாறு கேட்டுக்கொண்டார், மனைவியும் எரித்தார். மாணவர்களின் நினைவிலும் கையிலும் எஞ்சியவற்றைத் தேடித் தொகுத்து, ஓட்டோக்கர் ஃபிஷர் 1910இல் நூலாக்கினார். ஏடு தேடி அலைந்த உ.வே.சா.வை நன்கறிந்த தமிழர்க்கு ஃபிஷரின் உழைப்பு அயலாகத் தோன்றாது.

இவ்வாறு கூடத்தில் வளர்ந்த கலை மதுக்கூடத்திற்குச் சென்றது அமெரிக்காவில். 1873இல் ஐரோப்பாவில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்த மாக்ஸ் மாலினி, ஏழையரும் முரடரும் நிறைந்த பவுரி பகுதியில், மதுக்கூடம் நடத்திய வித்தைக்காரர் ஒருவரிடம் சிறுவயதில் பயின்றவர். பெட்டிகளோ உதவியாளரோ இன்றி உலகைச் சுற்றி வந்தார். வாஷிங்டனில் செனட்டர் மார்க் ஹன்னாவின் மேலங்கிப் பொத்தானைப் பல்லால் கடித்தெடுத்து, மீண்டும் ஒட்டிக் காட்டியதால் பெரும்புகழ் எய்தினார். விருந்து மேசையில் இரவல் தொப்பியின் அடியிலிருந்து பெரிய பனிக்கட்டியை வெளிப்படுத்துவது அவர் வழக்கம். உரிய கணம் வாய்க்கும் வரை எவ்வளவு நேரமும் காத்திருக்கக்கூடியவர் அவர் என்று அறிந்தோர் வியந்துரைப்பர்.

1902இல் சிகாகோவில் சீட்டாட்ட மேசையின் கள்ளத்திறன்களை விளக்கும் நூலொன்று வெளிவந்தது. ஆசிரியர் பெயர் எஸ். டபிள்யூ. எர்ட்னேஸ் என்றிருந்தது. அது புனைபெயர் என்பது தெளிவு. அதன் பின்னிருந்தவர் யார் என்பது நூற்றாண்டு கடந்தும் தீராத வழக்கு. கனடாவின் ஒட்டாவா நகரில் 1894இல் பிறந்த ஒரு சிறுவன் அந்நூலை மனப்பாடமாகவே கற்றான். டாய் வெர்னான் எனப் பின்னாளில் உலகறிந்தவர் அவரே.

எந்த வித்தையையும் மூன்று முறை கண்டால் அதன் சூழ்ச்சியை உரைத்துவிடுவேன் என்பது ஹூடினியின் அறைகூவல். 1922இல் சிகாகோவின் கிரேட் நார்தர்ன் ஓட்டலில் வெர்னான் அதனை ஏற்றார். ஹூடினி தம் கையெழுத்திட்ட சீட்டைக் கட்டின் மேலிருந்து இரண்டாவதாகச் செருகினார் வெர்னான். திருப்பினால் அதுவே மேலே இருந்தது. மூன்று முறை அன்று, ஏழு முறை காட்டியும் ஹூடினியால் சூழ்ச்சியைக் காண இயலவில்லை. யானையை மறைத்தவரை ஒற்றைச் சீட்டு மயக்கிற்று.

எனினும் வெர்னானின் பெருமை அந்த வெற்றியில் இல்லை, தேடலில் உள்ளது. கறுப்புத் தாளில் மனிதர்களின் பக்கத்தோற்றத்தை வெட்டித் தந்து பிழைத்தவாறே அவர் ஊர் ஊராகச் சென்றார். மாயக் கலைஞர்களைக் காட்டிலும் கள்ளச் சீட்டாடிகளிடமே கற்பதற்கு மிகுதி உண்டு என்பது அவர் கருத்து. கள்ளச் சீட்டாடி தனக்கு வேண்டிய சீட்டுகளைக் கட்டின் அடியில் வைத்திருப்பான். எதிரில் இருப்பவர் கட்டை வெட்டியதும் அவை நடுவே சென்றுவிடும். அடியிலிருந்து உருவிப் போடத் தெரிந்தோர் பலர் இருந்தனர். நடுவிலிருந்தே உருவிப் போட வல்லவர் ஒருவர் இருப்பின், வெட்டு என்னும் காப்பே பயனற்றதாகிவிடும். அது இயலாது என்றே அனைவரும் நம்பினர். 1932இல் கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில், கொலைக் குற்றம் சாட்டப்பட்டுச் சிறையிலிருந்த மெக்சிகோ நாட்டுச் சூதாடி ஒருவர், கான்சாஸ் சிட்டி வட்டாரத்தில் அதனைச் செய்யும் ஒருவரைக் கண்டதாகக் கூறினார். பெயரோ முகவரியோ இல்லாத அந்தச் செய்தியைப் பற்றிக்கொண்டு தேடிய வெர்னான், மிசூரி மாநிலத்தின் பிளசண்ட் ஹில் என்னும் சிற்றூரில் ஆலன் கென்னடியைக் கண்டடைந்தார். கண்ணாடி முன் ஆண்டுக்கணக்கில் பழகிய திறனைக் கென்னடி மறைக்காமல் காட்டினார். காண்போர் கண்ணுக்குப் புலப்படாதிருத்தலே அத்திறனின் நிறைவு. அறிந்து பாராட்டும் ஒருவர் வரும் வரை கென்னடியின் கலைக்கு அவையே இருந்ததில்லை.

அந்த ஆண்டுகளில் சிகாகோ இக்கலைக்குத் தலைநகராகத் திகழ்ந்தது. ஜெர்மானிய வழிவந்த ஷூலியன் குடும்பத்தின் உணவகத்தில் மேட் ஷூலியன் மேசைதோறும் சென்று சீட்டு வித்தை காட்டினார். பருத்த உடலும் உரத்த சிரிப்புமாக வந்து, விருந்தினர் எடுத்த சீட்டைக் கட்டில் கலந்து, கட்டு முழுவதையும் சுவரில் வீசுவார். சீட்டுகள் யாவும் கீழே சிதற, விருந்தினர் எடுத்த சீட்டு மட்டும் ஊசியில் குத்தப்பட்டுச் சுவரில் நிற்கும். ஹெபா ஹாபா அல் எனப்பட்டவர் மதுக்கூடப் பலகைக்குப் பின் நின்றே மது ஊற்றினார், வித்தையும் காட்டினார்.

மதுக்கூடம் இக்கலைக்கு உகந்த இடமானது தற்செயல் அன்று. மதுப் பலகை வித்தைக்காரரின் கையையும் மடியையும் வேண்டியபோது மறைக்கும். அவருக்குப் பின்னால் நின்று பார்ப்போர் இரார். காண்போர் இரண்டடி தூரத்தில் வரிசையாக அமர்ந்திருப்பர். இவை அவருக்குக் கிடைத்த சலுகைகள். பேச்சுக்குப் பேச்சு குறுக்கிடும் குடியர், எந்நேரமும் எழுந்து போகும் விருந்தினர், அடுத்த கோப்பை விற்பனையாக வேண்டும் என்று காத்திருக்கும் முதலாளி ஆகியோர் அவருக்கு வாய்த்த இடையூறுகள். எனவே வித்தை குறுகியது, நகைச்சுவை கூடியது, பொருள் சுருங்கிச் சீட்டும் நாணயமும் மட்டும் எஞ்சின. வெண்பாவின் இறுக்கம் அதன் யாப்பால் வருவது போல, சிகாகோ பாணியின் இறுக்கம் அந்த மரப்பலகையால் வந்தது. குடிப்பிடத்தில் பிறந்தது என்பதால் அதனைத் தாழ்ந்த கலையாகக் கருதுவோர் நம்மிடையே இருக்கக்கூடும். கூத்தையும் பரத்தையும் அவ்வாறே கருதிய காலம் ஒன்று இங்கும் இருந்தது.

1963 சனவரி 2ஆம் நாள் ஹாலிவுட்டில் மாஜிக் காசில் திறக்கப்பட்டது. 1909இல் கட்டப்பெற்ற பழைய மாளிகை அது. தந்தை வில்லியம் லார்சன் 1952இல் நிறுவிய மாயக் கலைக் கழகத்திற்கு மகன் மில்ட் லார்சன் அங்கே இல்லம் அமைத்தார். உறுப்பினரின் அழைப்பின்றிப் பொதுமக்கள் எளிதில் நுழைய இயலாது. வரவேற்பறையில் கதவே புலப்படாது. நூலடுக்கில் அமர்ந்துள்ள ஆந்தைப் பொம்மையிடம் மந்திரச் சொல்லைக் கூறினால் அடுக்கு விலகி வழிவிடும். உள்ளே பெருங்காட்சிக்கு அரங்கு உண்டு. ஆயினும் இருபதுக்குச் சற்று மிகுந்தோரே அமரக்கூடிய க்ளோஸ்-அப் அறையே அறிந்தோர் நாடும் இடம்.

அறுபத்தெட்டு வயதில் அங்கு வந்து சேர்ந்தார் வெர்னான். 1992இல் தொண்ணூற்றெட்டாம் வயதில் மறையும் வரை, அங்கே தமக்குரிய இருக்கையில் அமர்ந்து, வந்த இளைஞர்க்கெல்லாம் அறிந்ததைச் சொன்னார். ‘பேராசிரியர்’ என்றே அவரை அழைத்தனர். ஹோஃப்சின்ஸர் எரித்தார், எர்ட்னேஸ் மறைந்துகொண்டார், இவர் வழங்கினார். 1959இல் பதினான்கு வயதில் வீட்டை விட்டு வெளியேறி இவரோடு ஊர் சுற்றிய பெர்சி டியாகோனிஸ் பின்னர் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியரானார். ஐம்பத்திரண்டு சீட்டுகள் நன்கு கலைய ஏழு முறை கலைத்தல் போதும் என்னும் முடிவை அவர் டேவ் பேயருடன் இணைந்து வெளியிட்டது, குருநாதர் மறைந்த அதே 1992இல். மில்ட் லார்சன் 2022இல் மாளிகையை விற்றார், 2023இல் காலமானார். கழகம் தொடர்ந்து இயங்குகிறது.

ஜப்பானிலும் கையை முன்னிறுத்தும் பழைய மாயக் கலை மரபு உண்டு. அங்கிருந்து 1924இல் அமெரிக்கா சென்ற இஷிதா டென்காய், உள்ளங்கையில் பொருளை மறைக்கும் நுட்பம் ஒன்றிற்குத் தம் பெயரையே விட்டுச் சென்றார். இன்று டோக்கியோவில் ‘மாஜிக் பார்’ என்ற பெயரிலேயே சிறு கூடங்கள் பல உள்ளன. பயணி பலகை அருகே அமர்ந்தால் போதும்; மொழி வேண்டுவதில்லை.

சிகாகோவின் ஷூலியன் உணவகம் 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் மூடப்பட்டது. மேட் ஷூலியன் அதற்கு முன்பே, 1967இல் மறைந்திருந்தார். பழைய மதுக்கூடங்கள் ஒவ்வொன்றாக மறைந்த பின், 2015இல் தொடங்கிய சிகாகோ மாஜிக் லவுஞ்ச் 2018இல் சொந்தக் கட்டடத்தில் குடியேறியது. அது முன்பு சலவைத் தொழிற்கூடமாக இருந்த இடம். தெருவிலிருந்து உள்ளே செல்பவர் முதலில் காண்பது துணி துவைக்கும் எந்திரங்களின் வரிசையே. அவ்வரிசையில் மறைந்துள்ள கதவைக் கடந்தால், மேடைக் கூடத்திற்கு முன்பாகவே நீண்ட மதுப் பலகை ஒன்று உள்ளது. அதன் பின்னே ஒருவர் சீட்டைக் கலைத்துக்கொண்டு நிற்கிறார்.