நாற்காலியும் தீர்மானப் புத்தகமும்



இந்த நினைவுரைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் பிரதிநிதித்துவம். நாடாளுமன்றம், சட்டமன்றம் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். நான் பேச விரும்புவது அவற்றுக்குக் கீழே இருக்கும் சின்ன அவைகளைப் பற்றி. ஊராட்சி மன்றம், பள்ளி மேலாண்மைக் குழு, கோயில் அறங்காவலர் குழு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அமையும் மாவட்ட விழிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு ஆகியவற்றில் எல்லாம் நம்மவர்களுக்குச் சட்டப்படி ஓர் இருக்கை இருக்கிறது. அந்த இருக்கையைப் பெற நூறாண்டு போராடினோம். அதில் உட்கார்ந்து என்ன செய்வது என்று கற்பதும் கற்பிப்பதும் அதே போராட்டத்தின் பகுதியாகத்தான் இருந்தது. அந்தப் பகுதி பாதியில் நின்றுபோனது. அது எங்கே நின்றது, ஏன் அதை மறுபடி தொடங்க வேண்டும் என்பதுதான் இந்த உரை.

1919 ஜனவரியில் சவுத்பரோ குழு முன்பு சாட்சியம் அளித்தபோது அம்பேத்கருக்கு வயது 27. தீண்டத்தகாதவர்களுக்காக வேறு யாரும் பேச முடியாது, அவர்களைத் தீண்டத்தகாதவர்களே பிரதிநிதித்துவம் செய்ய வேண்டும் என்று அவர் வாதிட்டார். இங்கே சென்னை மாகாணத்தில் அந்த வாதம் அதற்கு முன்பே வேர்விட்டிருந்தது. 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசன், ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவில் நடத்தக் கூடாது என்று கையெழுத்துகள் திரட்டி மனு அனுப்பினார். தேர்வு இங்கே நடந்தால் அதிகாரி நாற்காலி முழுவதும் சாதி இந்துக்கள் கைக்குப் போய்விடும் என்பது அவர் கணக்கு. யார் உட்கார்ந்து கோப்பைப் புரட்டுகிறார்கள் என்பதில் நம் வாழ்வு தொங்குகிறது என்று அவர்கள் அன்றே கண்டுகொண்டார்கள்.

1920க்குப் பிறகு சென்னை சட்டமன்றத்துக்குள் நம்மவர்கள் சிலர் நுழைந்தார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய எண்ணிக்கை. வாக்கெடுப்பில் எதையும் தீர்மானிக்கும் பலம் அவர்களுக்குக் கிடையாது. இருந்தும் 1922இல் எம்.சி. ராஜா கொண்டுவந்த தீர்மானத்தின் பேரில், அரசு ஆவணங்களில் பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்று எழுதும் ஆணை வந்தது. 1924 ஆகஸ்டில் இரட்டைமலை சீனிவாசன், பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொது இடங்கள் எல்லாவற்றையும் எந்த வகுப்பினரும் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தை முன்வைத்தார். அவை அதை ஏற்றது.

எண்ணிக்கை இல்லாதவர்களால் இதை எப்படிச் செய்ய முடிந்தது? அவர்கள் அவையின் நடைமுறையைக் கற்றிருந்தார்கள். கேள்வி நேரத்தில் எதைக் கேட்பது, தீர்மானத்தை எந்தச் சொற்களில் எழுதினால் அரசு மறுக்க முடியாது, ஏற்ற தீர்மானம் ஆணையாக வரும்வரை எந்தத் துறையைத் துரத்துவது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்னொன்றையும் மாணவர்கள் கவனிக்க வேண்டும். எம்.சி. ராஜா பள்ளி ஆசிரியர். சட்டமன்றத்தில் இருந்த எல்.சி. குருசாமி சென்னையில் அருந்ததியர்களுக்காக இரவுப் பள்ளிகள் நடத்தியவர். சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியை நிறுவிவிட்டுத்தான் சட்டமன்றத்துக்குப் போனார். பின்னாளில் சென்னை மேயரான என். சிவராஜ் சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தியவர். அந்தத் தலைமுறையில் பள்ளிக்கூடத்துக்கும் மன்றத்துக்கும் நடுவே சுவர் இல்லை.

ஆனால் தீர்மானம் மட்டும் போதாது என்பதற்கும் அதே பத்தாண்டில் சாட்சி இருக்கிறது. பொது நீர்நிலைகளை எல்லாருக்கும் திறக்க வேண்டும் என்று பம்பாய் சட்டமன்றம் 1923இல் தீர்மானித்தது. மகாடு நகராட்சியும் 1924இல் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. காகிதத்தில் திறந்த குளத்தில் மூன்று ஆண்டுகள் நம்மவர் யாரும் கை நனைக்க முடியவில்லை. 1927 மார்ச்சில் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்து போய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். குடித்தவர்கள் அடிபட்டார்கள். தீர்மானத்தின் பின்னால் தெரு நிற்காவிட்டால் அது வெறும் மை. ஆனால் தெருவில் இறங்கியவர்களின் கையில் தீர்மானம் இருந்ததால், அத்துமீறியவர்கள் யார் என்ற கேள்வி திரும்பி எதிரிகளை நோக்கிப் போனது. இரண்டும் ஒன்றை ஒன்று தாங்கின.

உள்ளாட்சி பற்றி அம்பேத்கருக்கு எந்த மயக்கமும் இருந்ததில்லை. 1932 செப்டம்பர் 24 அன்று கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தில் உள்ளாட்சித் தேர்தல் பற்றிய பேச்சும் உண்டு. தாழ்த்தப்பட்டோர் என்ற காரணத்துக்காக அதில் எந்தத் தடையும் இருக்கக் கூடாது, நியாயமான பிரதிநிதித்துவத்துக்கு முயல வேண்டும் என்று அது சொன்னது. முயல வேண்டும் என்ற சொல்லில் அவருக்கு நம்பிக்கை இல்லை. அடுத்த மாதமே பம்பாய் சட்டமன்றத்தில் கிராமப் பஞ்சாயத்து மசோதா வந்தபோது, தாழ்த்தப்பட்டோருக்குத் தனிப் பிரதிநிதித்துவம் இல்லாத பஞ்சாயத்தை ஏற்க முடியாது என்று எதிர்த்து நின்றார். 1948இல் அரசியலமைப்பு அவையிலும், கிராமத்தைக் குடியரசின் அலகாக்கச் சொன்னவர்களிடம் அந்தக் கிராமம் நமக்கு என்னவாக இருக்கிறது என்பதைக் காட்டமாகவே சொன்னார்.

அப்படிப்பட்டவர் தன் கடைசி ஆண்டில் செய்த ஒரு வேலையை நாம் அதிகம் பேசுவதில்லை. 1956 ஜூலையில் பம்பாயில் அரசியலில் நுழைய விரும்புவோருக்காக ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். முதல் அணியில் சுமார் 15 மாணவர்கள். அரசியலமைப்பை எழுதி முடித்தவர், இடஒதுக்கீட்டை அதில் பதித்தவர், அதற்குப் பிறகும் ஒரு வகுப்பறை தேவை என்று நினைத்திருக்கிறார். ஒதுக்கிய இடத்தில் போய் உட்காருகிறவர் தேர்ச்சி இல்லாதவராக இருந்தால் அந்த இடம் எதிரியின் கைப்பொருளாகிவிடும் என்பது அவருக்குத் தெரியும். அவ்வாண்டு டிசம்பர் 6 அன்று அவர் மறைந்தார். சில மாதங்களில் பள்ளியும் மூடப்பட்டது. நான் முதலில் சொன்ன வேலை நின்றுபோனது இங்கேதான்.

அதன் விலையை நாம் 40 ஆண்டுகள் கழித்துக் கொடுத்தோம். 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். 1996இல் தேர்தல். ஊர் என்றும் சேரி என்றும் பிரிந்து கிடக்கும் நிலத்தில், சேரிக்காரர் ஊருக்கே தலைவராகலாம் என்று சட்டம் சொன்னது. ஊர் என்ன சொன்னது என்பதற்கு மதுரை மாவட்டமே சாட்சி. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 10 ஆண்டுகள் தேர்தலை முடக்கினார்கள். நடந்தாலும் ஆதிக்கச் சாதியினர் நிறுத்திய ஆள் வென்று, உடனே பதவி விலகினார். 2006இல்தான் அந்த நாடகம் முடிந்தது. மேலவளவில் முருகேசன் அஞ்சாமல் நின்று தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று மதுரையில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டுப் பேருந்தில் திரும்பியபோது அவரையும் தோழர்கள் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள்.

பயிற்சி கொடுத்திருந்தால் முருகேசன் பிழைத்திருப்பார் என்று யாரும் சொல்ல முடியாது. அரிவாளுக்கு முன் சட்டப் பிரிவு நிற்காது. மேலவளவு கேட்டது பாதுகாப்பை, அரசின் உறுதியை, நம் இயக்கங்களின் துணையை. ஆனால் கொலை நடக்காத நூற்றுக்கணக்கான ஊராட்சிகளில் நாற்காலியை எப்படிக் காலியாக்கினார்கள் என்று பாருங்கள். அங்கே அரிவாள் தேவைப்படவில்லை.

ஊராட்சித் தலைவர் பதவிக்கு இடஒதுக்கீடு உண்டு. துணைத் தலைவர் பதவிக்கு இல்லை. வார்டு உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். தலித் தலைவரின் கையெழுத்துக்குப் பக்கத்தில் துணைத் தலைவர் கையெழுத்துப் போட மறுத்தால் துப்புரவுப் பணியாளருக்குச் சம்பளம் போகாது, தெருவிளக்கு எரியாது. வேலை நடக்கவில்லை என்ற பழி தலைவர் தலையில் விழும். தலைவரை நீக்க ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆவது பிரிவு வழி வைத்திருக்கிறது. தீர்மானப் புத்தகம் ஊராட்சிச் செயலரிடம் இருக்கும். தலைவரிடம் வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கும் பழக்கமும் உண்டு. 2020இல்கூடக் கடலூர் மாவட்டத்தில் தலைவரைத் தரையில் உட்கார வைத்ததையும், திருவள்ளூர் மாவட்டத்தில் தலைவரைக் கொடியேற்ற விடாததையும் நாடே பார்த்தது. இரண்டு பேருமே தலித் பெண்கள்.

அரசு, தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குப் பயிற்சி தருகிறது. அது பெரும்பாலும் திட்டங்களையும் படிவங்களையும் பற்றியது. துணைத் தலைவர் சாதியின் பெயரால் கையெழுத்தை நிறுத்தினால் என்ன செய்வது என்ற பாடம் அதில் எங்கே இருக்கிறது? அந்தப் பாடத்தை நாம்தான் நடத்த வேண்டும்.

ஊராட்சியோடு இது முடிவதில்லை. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இன் 17ஆவது விதியின்படி, ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். அதில் பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்த அலுவல் சாராத உறுப்பினர்கள் ஐந்து பேர்வரை இருக்கலாம். நிவாரணம் போய்ச் சேர்ந்ததா, 60 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கலானதா என்று காவல்துறை அதிகாரியை நேருக்கு நேர் கேட்கும் இடம் அது. நியமனம் பெற்று, தேநீர் குடித்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுத் திரும்புகிற உறுப்பினரால் அந்த இடம் வீணாகிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009 சொல்லும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்கள். நம் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவச் சொல்லும் பள்ளியில் அந்தக் குழு கூடியதா என்று கேட்க ஒரு தாய்க்குத் தெரிந்தாக வேண்டும்.

நாம் நடத்த வேண்டிய வகுப்பில் பெரிய தத்துவம் எதுவும் தேவையில்லை. கூட்டத்தைக் கூட்டும் அதிகாரம் யாருக்கு, அஜெண்டா எப்போது கைக்கு வர வேண்டும், கோரம் எவ்வளவு, பேசியதைப் பதிவில் ஏற்றுவது எப்படி, உடன்படாததை எழுத்தில் கொடுப்பது எப்படி, கூட்டமே நடக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் எதைக் கேட்பது என்பவைதான் பாடம். படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே என்பது முதல் பாடம். அந்த வகுப்பில் உறுப்பினர் தனியாக உட்காரக் கூடாது. அவரோடு அந்தச் சேரியிலிருந்து நான்கு பேராவது, அதில் பெண்களும் படித்த இளைஞர்களும் இருக்க வேண்டும். தனியாகப் படித்தவரைத் தனியாக விலைக்கு வாங்கலாம், தனியாக மிரட்டலாம். கிராம சபையில் பின்னால் ஐம்பது பேர் நிற்கிற தலைவரிடம் வெற்றுத் தாளை யாரும் நீட்ட மாட்டார்கள்.

இங்கே சமூகவியலும் சட்டமும் படிக்கும் மாணவர்கள் பலர் இருக்கிறீர்கள். ஆய்வேட்டுக்காக ஊராட்சிகளுக்குப் போகிறீர்கள், நேர்காணல் எடுக்கிறீர்கள். அடுத்த முறை போகும்போது ஒரு நாள் கூடுதலாகத் தங்குங்கள். அந்தத் தலைவரோடு உட்கார்ந்து கடைசி ஆறு மாதத் தீர்மானங்களை வாசியுங்கள். உங்கள் மாவட்டத்துக் கண்காணிப்புக் குழு சென்ற ஆண்டு எத்தனை முறை கூடியது என்று ஒரு மனு போட்டுக் கேளுங்கள். அன்று மூடிய வகுப்பறையைத் திறக்க நமக்குக் கட்டடம் வேண்டாம். சேரியில் ஒரு திண்ணையும் தீர்மானப் புத்தகத்தின் நகலும் போதும்.