பரிவு மூலதன நிதியம்

பரிவு மூலதன நிதியம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் நடுவண் அரசு 2002 முதல் 2009 வரை நடத்திய ஒரு நிதியுதவித் திட்டம் ஆகும். ஆங்கிலத்தில் இது கம்பாசன் கேப்பிட்டல் ஃபண்ட் என வழங்கப்பட்டது. ஏழைகள், வீடற்றோர், சிறையிலிருந்து மீண்டோர், போதைப் பழக்கத்துக்கு ஆளானோர் முதலியோரிடையே தொண்டாற்றும் சிறிய இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கும் சமயம் சார்ந்த அமைப்புகளுக்கும் பயிற்சி கிடைக்கச் செய்வது இதன் நோக்கமாகும். உணவு, உறைவிடம் போன்ற சேவைகளுக்கு இந்நிதி வழங்கப்படவில்லை. அச்சேவைகளை நடத்தும் அமைப்புகளின் திறனை வளர்ப்பதற்கே வழங்கப்பட்டது.

பின்னணி

1996-ஆம் ஆண்டு அதிபர் பில் கிளின்டன் கையொப்பமிட்ட நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டத்தின் ஒரு பிரிவு, சமயம் சார்ந்த அமைப்புகளும் தம் சமய அடையாளத்தை இழக்காமல் அரசு நிதிக்குப் போட்டியிடலாம் என்றது. அடுத்து அதிபரான ஜார்ஜ் டபிள்யூ. புஷ், 2001 சனவரி 29 அன்று வெள்ளை மாளிகையில் சமயம் சார்ந்த மற்றும் சமூக முன்முயற்சிகளுக்கான அலுவலகத்தை நிறுவினார். பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அரசறிவியல் பேராசிரியர் ஜான் டிலூலியோ அதன் முதல் இயக்குநர் ஆவார்.

2001 ஆகஸ்டில் வெள்ளை மாளிகை வெளியிட்ட அறிக்கை ஒன்று, நடுவண் அரசின் சமூக சேவை நிதியைப் பெறுவதில் சிறிய அமைப்புகளுக்கு உள்ள தடைகளைப் பட்டியலிட்டது. சிக்கலான விண்ணப்பங்கள், ஏற்கெனவே நிதி பெற்றுவரும் பெரிய நிறுவனங்களுக்குக் கிடைத்த சாதகம், சட்டம் கோராத இடத்திலும் வரிவிலக்குச் சான்று கேட்கப்பட்டமை ஆகியன அவற்றுட் சில. ஒரு வட்டாரத்தின் தேவையை நன்கறிந்த தேவாலயக் குழு ஒன்றுக்குக் கணக்காளரோ விண்ணப்பம் எழுதத் தெரிந்தவரோ இல்லாதிருக்கலாம். இவ்விடைவெளியை நிரப்பும் வகையில் இத்திட்டம் வகுக்கப்பட்டது.

செயற்பட்ட முறை

நலவாழ்வு மற்றும் மனித சேவைகள் துறை இத்திட்டத்தை நிருவகித்தது. ஆயிரக்கணக்கான சிறிய அமைப்புகளை அரசு நேரடியாகக் கையாளாமல், இடைநிலை அமைப்புகள் வழியாக அணுகியது. இவை அரசிடம் நிதி பெற்று, தம் பகுதியிலுள்ள சிறிய அமைப்புகளுக்குப் பயிற்சியும் ஆலோசனையும் அளித்தன. நிதியின் ஒரு பகுதியைச் சிறு மானியங்களாகவும் பகிர்ந்தன. 2002 அக்டோபரில் 21 இடைநிலை அமைப்புகளுக்குச் சுமார் 2.5 கோடி டாலர் வழங்கப்பட்டது. நெப்ராஸ்காப் பல்கலைக்கழகம், பிலடெல்பியாவின் நுவேவா எஸ்பெரான்சா, ஆப்பரேஷன் பிளெஸ்ஸிங் ஆகியவை அவற்றுள் அடங்கும்.

பின்னர் இரண்டு கிளைத் திட்டங்கள் சேர்ந்தன:

* சிறிய அமைப்புகளுக்கு அரசே நேரடியாக வழங்கிய, 50,000 டாலர் வரையிலான ஒருமுறை மானியம் (2003 முதல்).
* இளைஞரிடையே வன்முறையையும் குழுச்சண்டைகளையும் தடுக்க முயலும் அமைப்புக் கூட்டணிகளுக்கான மானியம் (2006 முதல்).

பயிற்சியின் உள்ளடக்கம்

பயிற்சி ஐந்து துறைகளாகப் பகுக்கப்பட்டிருந்தது:

* தலைமைத்துவம்: நிருவாகக் குழுவை அமைத்தல், அதன் பொறுப்புகளை வரையறுத்தல்.
* அமைப்பு வளர்ச்சி: கணக்குப் பதிவு, நிதிக் கட்டுப்பாடு, பணியாளர் விதிகள், கணினிப் பயன்பாடு.
* சேவைத் திட்டங்கள்: பயனாளிகள் பற்றிய பதிவேடு, விளைவுகளை அளவிடுதல்.
* நிதி திரட்டல்: விண்ணப்பம் எழுதுதல், ஒரே கொடையாளரை நம்பியிராமை.
* சமூகத் தொடர்பு: பிற அமைப்புகளுடன் கூட்டு, தன்னார்வலரைச் சேர்த்தல்.

அமெரிக்க வரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவின்படி வரிவிலக்குப் பெறுவதும் முக்கிய பாடமாக இருந்தது. தேவாலயங்களுக்கு இவ்விலக்கு விண்ணப்பமின்றியே உண்டு. எனினும், தொண்டுப் பணிக்கெனத் தனி அமைப்பைப் பதிவு செய்தால் அரசுப் பணமும் காணிக்கைப் பணமும் கலவாமல் இருக்கும். தணிக்கையும் அவ்வமைப்பின் கணக்கோடு நிற்கும்.

சமயமும் அரசும்

அமெரிக்க அரசியலமைப்பின் முதலாம் திருத்தம், அரசு எந்தச் சமயத்தையும் நிறுவுவதைத் தடை செய்கிறது. எனவே, நேரடி அரசு நிதியை வழிபாடு, சமயப் போதனை, மதமாற்றம் ஆகியவற்றுக்குச் செலவிடக்கூடாது என 2002 டிசம்பர் 12 அன்று பிறப்பிக்கப்பட்ட அதிபர் ஆணை வரையறுத்தது. அத்தகைய நிகழ்வுகள் வேறு நேரத்திலோ வேறு இடத்திலோ நடைபெற வேண்டும். அவற்றில் பங்கேற்பது பயனாளியின் விருப்பத்தைப் பொறுத்தது. சமய அடிப்படையில் பயனாளியைப் புறக்கணிக்கவும் கூடாது. நடைமுறையில் இக்கோடு எப்போதும் தெளிவாக இருக்கவில்லை. சமயம் சார்ந்த முன்முயற்சியை ஆராய்ந்த அரசுப் பொறுப்புடைமை அலுவலகம், சில அமைப்புகள் இவ்விதியைச் சரிவரப் புரிந்துகொள்ளவில்லை என 2006-இல் சுட்டியது.

விமர்சனங்கள்

ஆப்பரேஷன் பிளெஸ்ஸிங்குக்கு 5 இலட்சம் டாலர் வழங்கப்பட்டது சர்ச்சைக்குள்ளானது. அதன் நிறுவனரான பேட் ராபர்ட்சன், தாம் ஏற்காத சமயக் குழுக்களுக்கும் அரசுப் பணம் செல்லுமே என 2001-இல் இம்முன்முயற்சியைக் குறைகூறியவர். வெள்ளை மாளிகை அலுவலகத்தில் பணியாற்றிய டேவிட் குவோ, இம்முன்முயற்சி தேர்தல் ஆதாயத்துக்குப் பயன்பட்டதாக 2006-இல் வெளியான தம் நூலில் எழுதினார். சமயம் சார்ந்த அமைப்புகளுக்கென அரசு நடத்திய மாநாடுகளை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கை உச்சநீதிமன்றம் 2007-இல் 5-4 என்ற பெரும்பான்மையில் தள்ளுபடி செய்தது. வரி செலுத்துவோர் என்ற நிலையில் மட்டும் வழக்குத் தொடுக்க மனுதாரருக்கு உரிமையில்லை என்பதே தீர்ப்பு. மாநாடுகள் அரசியலமைப்புக்கு ஏற்றவையா என்ற வினாவுக்கு அது விடையளிக்கவில்லை.

மதிப்பீடு

ஆப்ட் அசோசியேட்ஸ் நிறுவனம் நடத்திய ஆய்வில், உதவி பெறும் அமைப்புகளும் பெறாத அமைப்புகளும் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டு ஒப்பிடப்பட்டன. உதவி பெற்றவை ஐந்து துறைகளிலும் கூடுதல் வளர்ச்சி கண்டதாக முடிவுகள் காட்டின. ஆயினும், அளவிடப்பட்டது அமைப்புகளின் திறனே. அவ்வளர்ச்சியால் சேவை பெற்ற மக்களின் வாழ்வு எவ்வளவு மேம்பட்டது என்பதை அவ்வாய்வு அளவிடவில்லை.

பின்வந்த திட்டங்கள்

2009-இல் அதிபர் பராக் ஒபாமா அரசின் பொருளாதார மீட்புச் சட்டத்தின் கீழ், 5 கோடி டாலரில் சமூகங்களை வலுப்படுத்தும் நிதியம் உருவாக்கப்பட்டது. இதுவும் திறன் வளர்ப்புக்கானதே. வெள்ளை மாளிகை அலுவலகம் அதே ஆண்டில் பெயர் மாற்றம் பெற்றது. அடுத்தடுத்த அதிபர்களும் அதை வெவ்வேறு வடிவில் அமைத்தனர். 2025 பிப்ரவரியில் அதிபர் டொனால்ட் டிரம்ப் வெள்ளை மாளிகை நம்பிக்கை அலுவலகத்தை நிறுவினார்.