ஒரு வயலும் மூன்று பொருளாதார முறைகளும்

பொருளாதார முறைகளைப் பயிலும் மாணவர்கள் பெரும்பாலும் வரையறைகளிலிருந்தே தொடங்குகிறார்கள். உற்பத்திச் சாதனங்கள் தனியார் கையில் இருந்தால் முதலாளித்துவம். அரசின் கையில் இருந்தால் சமதர்மம். இரண்டும் கலந்திருந்தால் கலப்புப் பொருளாதாரம். இவை தேர்வுக்குப் பயன்படும். ஆனால் ஒரு முறையின் நன்மை தீமைகளை நிறுத்துப் பார்க்க இவை மட்டும் போதா என்பது என் கருத்து. நாட்டுக்கு நாடு நிலமும் மழையும் மக்களின் பழக்கங்களும் வேறுபடுவதால், இரு நாடுகளை அருகருகே வைத்து ஒப்பிடுவதும் எளிதன்று. ஆகவே, ஒரே நாடு பதினைந்து ஆண்டுகளுக்குள் மூன்று முறைகளைக் கண்ட வரலாற்றை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அந்த நாடு ருஷ்யா. வோல்கா நதிக்கரையில் கோதுமை பயிரிடும் ஒரு குடியானவனை மனத்தில் நிறுத்திக்கொண்டு என்னுடன் வாருங்கள்.

1917-ஆம் ஆண்டுப் புரட்சி நிலப்பிரபுக்களின் நிலத்தை அவனுக்கு அளித்தது. மறு ஆண்டிலேயே உள்நாட்டுப் போர் மூண்டது. நகரங்களுக்கும் செஞ்சேனைக்கும் உணவு வேண்டியிருந்தது. ஆனால் தானியத்திற்கு ஈடாகக் கொடுக்க அரசிடம் சரக்கில்லை, அச்சடித்த நோட்டுகளுக்கோ மதிப்பில்லை. எனவே, ஆயுதந்தாங்கிய குழுக்கள் கிராமம் கிராமமாகச் சென்று, குடும்பத் தேவைக்கு மேற்பட்டது என்று தாங்கள் கருதிய தானியத்தை எடுத்துச் சென்றன. பெரிய ஆலைகள் அரசுடைமையாயின. தனியார் தானிய வாணிகம் குற்றமாயிற்று. இந்த முறைக்குப் ‘போர்க்காலப் பொதுவுடைமை’ என்று பின்னர் பெயர் வழங்கியது.

குடியானவன் என்ன செய்தான்? விதைப்பைக் குறைத்தான். மிஞ்சுவதெல்லாம் பறிபோகுமானால் மிஞ்சும்படி விளைவிப்பானேன்? நகரவாசிகள் உணவு தேடிக் கிராமங்களுக்கு ஓடினார்கள். பெட்ரோகிராடு நகரின் மக்கள்தொகை 1920-க்குள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. 1921-இல் மழையும் பொய்த்தபோது, சேமிப்பில்லாத வோல்காப் பகுதியைப் பெரும் பஞ்சம் பற்றியது. சுமார் 50 இலட்சம் மக்கள் மாண்டனர். ஆயினும், அன்றைய அரசு பஞ்சத்தை ஒப்புக்கொண்டது. அயல்நாட்டு உதவியை ஏற்றது. 1922-இல் அமெரிக்க நிவாரண நிறுவனம் நாள்தோறும் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு உணவளித்தது.

1921 மார்ச்சு மாதத்தில், ஒரு காலத்தில் புரட்சியின் காவலர்களாக விளங்கிய கிரான்ஸ்டாட் கடற்படையினரே கலகம் செய்தனர். கலகம் படைபலத்தால் ஒடுக்கப்பட்டது. ஆனால் அதே மாதத்தில் லெனின் ‘புதிய பொருளாதாரக் கொள்கை’யைக் கொண்டுவந்தார். தானியப் பறிமுதல் நின்றது. குறிப்பிட்ட அளவு வரி செலுத்திய பிறகு எஞ்சியது குடியானவனுக்கே உரியதாயிற்று. சிறு கடைகளும் சிறு பட்டறைகளும் தனியாரிடம் வந்தன. பேராலைகள், வங்கிகள், இருப்புப்பாதை, அயல்நாட்டு வாணிகம் ஆகியவை அரசிடமே இருந்தன. பொன் இருப்பை ஆதாரமாகக் கொண்ட புதிய நோட்டு 1924-க்குள் நிலைபெற்றது. 1927 அளவில் நாட்டின் உற்பத்தி பெரும்பாலும் போருக்கு முந்தைய நிலையை எட்டியது.

இந்த முறையிலும் குறைகள் இருந்தன. நகரங்களில் வேலையின்மை நீடித்தது, இடைத்தரகர்கள் கொழுத்தார்கள். 1923-இல் ஆலைப் பொருள்களின் விலை ஏறவும், தானிய விலை இறங்கவும் கண்டோம். வரைபடத்தில் இரு கோடுகளும் விரிந்த கத்தரிக்கோலைப் போலத் தோன்றியமையால் இதனைக் ‘கத்தரிக்கோல் நெருக்கடி’ என்றனர். குடியானவன் தானியத்தை விற்க மறுத்தான். அரசு ஆலைப் பொருள்களின் விலையைக் குறைத்தது. இதனை நீங்கள் கவனிக்க வேண்டும். அவனுக்கு மேடையும் இல்லை, பத்திரிகையும் இல்லை. ஆயினும் விலையின் வழியாக அவன் குரல் மாஸ்கோவை எட்டியது.

1927-28-இல் அரசு தந்த விலை குறைவு என்று அவன் மீண்டும் தானியத்தை நிறுத்தி வைத்தான். இம்முறை ஸ்டாலினின் அரசு வற்புறுத்திப் பறிக்கும் வழியையே நாடியது. 1928 அக்டோபரில் முதல் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியது. அதன் சாதனைகளை மறைப்பது நியாயமன்று. மாக்னிடோகார்ஸ்க் உருக்காலையும், ஸ்டாலின்கிராடு டிராக்டர் ஆலையும், நீப்பர் நதியின் மின்நிலையமும் சில ஆண்டுகளிலேயே எழுந்தன. ஆனால் அந்த ஆலைகளுக்கான இயந்திரங்களை வாங்கத் தானியம் ஏற்றுமதியாயிற்று. குடியானவனின் நிலமும் மாடும் கூட்டுப்பண்ணைக்குச் சேர்ந்தன. பணக்கார உழவர் என்று முத்திரையிடப்பட்ட சுமார் 18 இலட்சம் பேர் 1930, 1931 ஆகிய ஆண்டுகளில் நாடு கடத்தப்பட்டதுபோல் தொலைதூரங்களுக்கு அனுப்பப்பட்டனர். கால்நடைகளைக் கொடுப்பதைவிட அறுத்துத் தின்பதே மேல் என்று உழவர்கள் எண்ணினர். கால்நடைச் செல்வம் ஏறத்தாழப் பாதியாயிற்று. 1932-33-இல் உக்ரேன், கஸகஸ்தான், வோல்கா முதலிய பகுதிகளில் பஞ்சம் 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. இந்தப் பஞ்சத்தை அரசு மறுத்தது. அயலார் உதவியையும் நாடவில்லை. உண்மையைச் சொன்ன அதிகாரி துரோகி எனப்பட்டான்.

இதனால் சந்தை ஒன்றே போதும் என்று நீங்கள் முடிவு கட்டிவிடலாகாது. அதே 1933-இல் அமெரிக்காவில் உழைப்பாளர் நால்வரில் ஒருவருக்கு வேலையில்லை. 1943-இல் வங்காளத்தில் அரிசி விலை பன்மடங்கு ஏறியபோது, கூலியாட்களும் மீனவர்களும் வாங்கும் சக்தியற்று மடிந்தனர். மாண்டவர்கள் 20 முதல் 30 இலட்சம் வரை என்று கணக்கிடுகின்றனர். விலை என்னும் தூதுவன் கையில் காசுள்ளவனின் செய்தியையே சுமந்து செல்கிறான். காசற்றவனின் பசி அவனுக்குப் புலப்படுவதில்லை.

மாஸ்கோவின் திட்டக் குழு 1991-இல் சோவியத் ஒன்றியத்தோடு மறைந்தது. 1950-இல் நம் நாட்டில் தோன்றிய திட்டக் குழுவும் 2015-இல் வேறோர் அமைப்புக்கு இடம் விட்டது. பெயர்கள் இனியும் மாறும். எந்தப் பெயரோடு ஒரு பொருளாதார முறை உங்கள் முன் வந்தாலும், மாணவர்களே, மூன்று கேள்விகளைக் கேளுங்கள். முடிவு செய்பவர் யார்? அம்முடிவு பிழைத்தால் நட்டம் யார் தலையில் விழுகிறது? நட்டப்பட்டவனின் சொல், முடிவு செய்தவரின் செவிக்கு எட்ட வழி உண்டா? வோல்காக் கரைக் குடியானவன் பிழைத்த ஆண்டுகளும் பட்டினி கிடந்த ஆண்டுகளும் அந்த மூன்றாவது கேள்விக்குக் கிடைத்த விடையையே பெரிதும் பொறுத்திருந்தன.