மலையில்லா நாட்டில் ஒரு மலை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒருநாள் மலைநடைக்குத் திட்டமிடும் புலம்பெயர்ந்த நண்பர்களுக்கு நான் கூறுவது கீரிமலையையே. பெயரில்தான் மலை, நிலத்தில் இருப்பதோ கடலோரச் சுண்ணாம்புக்கற் பாறைமேடு. கீரிமுகம் கொண்ட நகுல முனிவர் இங்கு நீராடி மனித முகம் பெற்றார் என்பது ஐதீகம். பாறை வெடிப்புகளில் இறங்கும் மழைநீர் நிலத்தடியில் ஓடி, உப்புக்கடலின் அருகே நன்னீராய் ஊறுகிறது. ஆடி அமாவாசையில் பிதிர்க்கடன் செலுத்த மக்கள் கூடுவதும் இங்கேதான்.

1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. தந்தைக்குத் தம் ஊர்த் தீர்த்தத்தில் நீர்க்கடன் செய்யவும் பலருக்கு வழியற்றுப்போனது. 2009இல் போர் முடிந்த பின்னரும் மீள்குடியேற்றம் படிப்படியாகவே நடந்தது. 2015இல் காங்கேசன்துறைக்குப் புகையிரதம் மீண்டது. அங்கிறங்கி மேற்கே நடந்தால் பகற்பொழுதுக்குள் சென்று திரும்பலாம். வழியில் இடிந்த வீடுகளைக் கண்டால் சற்று நின்று பாருங்கள். அவையும் இம்மேட்டின் வரலாறே.