துணி பதப்படுத்தல்

பருத்தி, பட்டு, கம்பளி போன்ற இயற்கை இழைத் துணிகளில் பூஞ்சையும் பாக்டீரியாவும் பூச்சியும் அண்டாதபடி தாவரச் சாறு, உலோக உப்பு அல்லது வேதிப்பொருள் ஏற்றும் முறை. பருத்தி நீரை எளிதில் உறிஞ்சும். வியர்வையும் கஞ்சிப் பசையும் சேர்ந்தால் நுண்ணுயிர்கள் அதில் பெருகும். ஈரத்தில் மடித்து வைத்த வேட்டியில் விழும் கரும்புள்ளியும் நாற்றமும் நூல் இற்றுப்போவதும் இதனால்தான்.

வீட்டு வழக்கங்கள். பெட்டியில் பட்டுப்புடவையோடு வேப்பிலையும் வசம்பும் வைப்பது பூச்சியைத் தடுக்க. சலவைத் தொழிலாளர் உவர்மண் கரைசலில் தோய்த்த துணியை அடுக்கி ஆவியில் வேகவைத்த வெள்ளாவி, காரமும் வெப்பமும் கொண்டு கிருமி நீக்கிய முறை. புத்தாடையின் முனையில் மஞ்சள் தொட்டு வைப்பதையும் இவ்வரிசையில் சேர்ப்பதுண்டு. அந்தச் சிறு அளவு முழுத்துணியையும் காக்கப் போதாது. அதைச் சடங்காகக் கொள்வதே பொருத்தம். கடற்கரையில் பருத்தி வலைகளைப் பனிச்சைக்காய்ச் சாற்றில் தோய்த்தனர். நைலான் வலை வந்ததும் அது நின்றது.

கடுக்காயும் சோழமண்டலத் துணியும். கடுக்காய் சாயத்தைப் பிடிக்க வைப்பதோடு துணியைக் காக்கவும் வல்லது. அதன் பயன்பாடு 18ஆம் நூற்றாண்டில் விரிவாகப் பதிவானது. புதுச்சேரியில் பணியாற்றிய இயேசு சபைத் துறவி கூர்து, 1742இல் எழுதிய கடிதத்தில் சோழமண்டலக் கரையின் சாயத் தொழிலைப் படிப்படியாக விவரித்தார்.  கடுக்காய்க்கு அவர் பிரெஞ்சுப் பெயர் தேடவில்லை. தமிழ்ப் பெயரையே தம் எழுத்தில் ஒலிபெயர்த்தார்.

அரைகுறையாக வெளுத்த துணியைக் கடுக்காய்ப் பொடி கலந்த எருமைப்பாலில் ஊறவைத்துப் பிழிந்து, வெயிலில் உலர்த்தி, கட்டையால் அடித்து மழமழப்பாக்குவார்கள். பாலின் கொழுப்பு, அடுத்துத் தீட்டும் கரைசல் கோடு தாண்டிக் கசியாமல் தடுக்கும். கடுக்காயின் துவர்ப்பு இழையில் பற்றிக்கொள்ளும். அதன்மேல் இரும்புக் கரைசலால் தீட்டினால் கறுப்பு, படிகாரம் தீட்டிச் சாயவேர்க் கொதிநீரில் போட்டால் சிவப்பு. நீலம் வேண்டாத இடங்களை மெழுகால் மூடிவிட்டு அவுரித் தொட்டியில் முக்குவார்கள். துவரும் உலோகமும் இழையும் ஒன்றோடொன்று பிணைவதால் சாயம் துவைத்தாலும் போகாது. ஐரோப்பியச் சந்தையை இத்துணிகள் பிடித்ததற்கு இந்த நிலைப்பே பெருங்காரணம்.

துவர்ப்பொருள் பாக்டீரியாவின் புரதங்களோடு பிணைந்து அவற்றைச் செயலிழக்கச் செய்யும். கடுக்காய்ச் சாற்றின் இவ்வாற்றல் ஆய்வுக்கூடங்களில் உறுதிப்பட்டுள்ளது. சாயக்காரர்கள் துணியைக் காப்பதையும் எண்ணிச் செய்தார்களா, நிறத்துக்காக மட்டும் செய்தார்களா என்பதை அறுதியிட முடியாது. நிறமே முதல் நோக்கம் என்பது ஏற்கத்தக்கது. ஆனால் சாயக்காரரின் கைப்பழக்கத்தில் அவ்விரண்டும் தனித்தனியாக இருந்திருக்க வேண்டியதில்லை.

செயற்கைச் சாயங்களும் வேதிக் காப்பும். சாயவேரின் சிவப்பைச் செயற்கையாக ஆக்கும் வழி 1868இல் ஜெர்மனியில் கண்டறியப்பட்டது. 1897இல் செயற்கை அவுரி சந்தைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் கூடாரத் துணிகள் மக்காதிருக்கச் செம்புச் சேர்மங்கள் ஏற்றப்பட்டன.

தற்காலம். கோவையில் 1956இல் தொடங்கிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமும் கொங்குப் பகுதிக் கல்லூரிகளும் மருத்துவத் துணிகளிலும் மூலிகைப் பதத்திலும் ஆய்வு செய்கின்றன. வேம்பு, மஞ்சள், துளசி, மாதுளைத் தோல் ஆகியவற்றின் சாற்றில் துணியைத் தோய்த்து, உருளைகளுக்கிடையே பிழிந்து, சூடேற்றிப் பதியவைப்பது பொது முறை. சாறு இழையோடு பிணையாவிட்டால் சில சலவைகளில் போய்விடும். அதனால் சிட்ரிக் அமிலம் போன்ற பிணைப்பான் சேர்க்கிறார்கள். கேரளத்தின் பாலராமபுரத்தில் மூலிகைச் சாயமேற்றி நெய்யும் 'ஆயுர்வஸ்திரம்' நோய் தீர்க்கும் என்ற கூற்று, பெரிய அளவிலான சோதனைகளால் நிறுவப்படவில்லை. வெள்ளி நுண்துகள் வலுவான காப்பு. ஆனால் அது ஏற்றிய காலுறைகளைத் துவைத்தபோது வெள்ளி நீரில் கலந்ததை 2008இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது.

பரமத்தி வேலூர். சாயப்பட்டறைக் கழிவு எங்கே போய்ச் சேரும் என்பதற்கு இவ்வூர் ஓர் எடுத்துக்காட்டு. நாமக்கல் மாவட்டத்தில் காவிரிக் கரையிலுள்ள இவ்வூர் வெற்றிலைக்கும் வாழைக்கும் பெயர் பெற்றது. ஆற்றுக்கு அக்கரையிலுள்ள கரூர், வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி நகரம். மேல்திசையில் ஜேடர்பாளையம் படுகை அணையிலிருந்து பிரியும் ராஜா வாய்க்கால் இங்குள்ள கொடிக்கால்களுக்குப் பாய்கிறது.   அணைக்கும் மேலே ஆற்றோரம் இருப்பவை குமாரபாளையம், பள்ளிபாளையம் ஆகிய சாயப்பட்டறை ஊர்கள். அங்கே துணியில் பிடிக்காமல் கழுவிவிடப்படும் சாயம் சுத்திகரிக்கப்படாவிட்டால் காவிரியில் சேர்ந்து, ராஜா வாய்க்கால் வழியே வெற்றிலைக் கொடியின் வேருக்கு வரும்.