ராணுவ வான்வழி வானொலி நேரலை

ராணுவ விமானிகளும் தரைக் கட்டுப்பாட்டு நிலையங்களும் வானொலியில் பேசிக்கொள்வதை ஓரிடத்தில் பிடித்து, அப்போதே இணையம் வழியாகப் பிறருக்குக் கேட்கச் செய்யும் ஏற்பாடு. அமெரிக்காவில் இது ஆர்வலர்களின் பொழுதுபோக்கு. லாஸ் வேகாஸை ஒட்டிய நெல்லிஸ் விமானப்படைத் தளத்தில் 1975 முதல் நடந்துவரும் ரெட் ஃபிளாக் போர்ப்பயிற்சியின்போது, வேலிக்கு வெளியே கேமராவும் வானொலி ஸ்கேனருமாக ஆட்கள் நிற்பதைப் பார்க்கலாம். அங்கே போக முடியாதவர்களுக்கும் அந்தப் பேச்சைக் கொண்டுசேர்ப்பது நேரலை.

பயணிகள் விமானங்கள் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான வி.எச்.எஃப். பட்டையில் பேசுகின்றன. அமெரிக்க, நேட்டோ ராணுவ விமானங்களுக்கு முதன்மையானது 225–400 மெகாஹெர்ட்ஸ் யு.எச்.எஃப். பட்டை. இரண்டிலும் ஏ.எம். முறைதான். எஃப்.எம்.மில் வலுவான அலை மற்றதை விழுங்கிவிடும், ஏ.எம்.மில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் கீச்சொலி எழுந்து, இன்னொருவரும் பேச முயன்றது எல்லோருக்கும் தெரிந்துவிடும். வானத்தில் இது உயிர்காக்கும் குணம். அவசர அலைவரிசை யு.எச்.எஃப்.பில் 243.0, வி.எச்.எஃப்.பில் 121.5.

எல்லாப் பேச்சும் காதில் விழாது. போர்முனைப் பேச்சுக்கு மறையாக்கமும், ஹேவ் குயிக் போன்ற அலைவரிசை தாவும் முறைகளும் உண்டு. சாதாரண ரிசீவருக்கு அவை எட்டா. கோபுரம், அணுகு கட்டுப்பாடு, வானில் எரிபொருள் நிரப்புதல், வான்சாகசக் குழுக்களின் ஒத்திகை ஆகியவற்றில் மறையாக்கமின்றிப் பேசப்படுவதே நேரலைக்குக் கிடைக்கும்.

இதில் கருவியைவிட ரிசீவர் இருக்கும் இடமே முக்கியம். இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வதால், இரு முனைகளின் உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலங்களைக் கூட்டி 4.12 ஆல் பெருக்கினால் எட்டும் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். வீட்டுக்கூரையில் 9 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா இருந்தால், 10,000 மீட்டரில் பறக்கும் விமானம் 420 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் கேட்கக்கூடும். 20 மீட்டர் உயரக் கட்டுப்பாட்டுக் கோபுரமோ 30 கிலோமீட்டரைத் தாண்டினாலே மங்கிவிடும். தொலைவிலிருந்து நடத்தப்படும் நேரலையில் விமானியின் பதில் மட்டும் வருவதும், கேள்வி வராமல் போவதும் இதனால்தான். இருதரப்பும் வேண்டுமென்றால் ரிசீவர் தளத்துக்குப் பக்கத்தில் இருந்தாக வேண்டும். அங்கே வசிக்கும் ஓர் ஆர்வலரின் மொட்டைமாடி, விலை உயர்ந்த எந்தக் கருவியைவிடவும் மதிப்புள்ளது.

ஆன்டெனா பெரிதாக இருக்க வேண்டியதில்லை. 300 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 1 மீட்டர்; கால் அலைக் கம்பிக்கு 25 சென்டிமீட்டர் போதும். இரு பட்டைகளையும் சேர்த்துப் பிடிக்க டிஸ்கோன் ஆன்டெனா ஏற்றது. மெல்லிய ஆர்ஜி-58 கேபிளை நீளமாக இழுத்தால் பிடித்த சிக்னலில் பெரும்பகுதி வழியிலேயே கரைந்துவிடும். எல்எம்ஆர்-400 போன்ற தடித்த கேபிள் நல்லது, ரிசீவரை ஆன்டெனாவின் காலடியிலேயே வைப்பது அதைவிட நல்லது.

2012இல், தொலைக்காட்சி பார்க்க விற்கப்பட்ட யுஎஸ்பி டாங்கிளை மென்பொருள் ரிசீவராக மாற்றும் வழி வெளியானபின் செலவு வெகுவாகக் குறைந்தது. இந்த ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் ஒரே சமயத்தில் சுமார் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலத்தையே பார்க்கும். ராணுவப் பட்டையோ 175 மெகாஹெர்ட்ஸ் அகலம். சிதறிக் கிடக்கும் அலைவரிசைகளுக்குப் பல டாங்கிள்கள் வேண்டும், அல்லது ஒன்றையே மாறி மாறித் தாவவிட வேண்டும். தாவும்போது தவறும் பேச்சு தவறியதுதான். பக்கத்து எஃப்.எம். நிலையம் டாங்கிளைத் திணறடித்தால் 88–108 மெகாஹெர்ட்ஸைத் தடுக்கும் ஃபில்டர் போடுவார்கள்.

ஆர்டிஎல்எஸ்டிஆர்-ஏர்பேண்ட் என்னும் இலவச மென்பொருள், ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினியிலேயே பல அலைவரிசைகளைப் பிரித்து, ஒலியை இணையத்தில் பரப்பும் ஐஸ்காஸ்ட் சர்வருக்கு அனுப்பும். யு.எச்.எஃப்.பை ஒரு காதிலும் வி.எச்.எஃப்.பை மறு காதிலும் கேட்கும்படி பிரித்துவைக்கலாம். குரலுக்கு விநாடிக்கு 16 கிலோபிட் மோனோ எம்பி3 போதும். ஒரு நாளைக்குச் சுமார் 173 மெகாபைட். இரைச்சலை அடக்கும் ஸ்கெல்ச் மூடியிருக்கும் நேரமே அதிகம் என்பதால், அந்த அமைதியையும் ஒலியாகவே அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும்: 10 விநாடி எதுவும் வராவிட்டால் ஐஸ்காஸ்ட் இயல்பாகவே இணைப்பைத் துண்டித்துவிடும். புதிதாக இணைபவருக்கு அது முதலில் 64 கிலோபைட் பழைய ஒலியைத் தருகிறது. இந்த வேகத்தில் அது அரை நிமிடத்துக்கும் மேல். தலைக்கு மேல் விமானம் கடந்துபோன பிறகே அதன் விமானி பேசுவது கேட்பது இதன் விளைவு.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவின் 1986ஆம் ஆண்டு மின்னணுத் தொடர்பு அந்தரங்கச் சட்டம் வான்வழித் தொடர்புகளைக் கேட்பதை அனுமதிக்கிறது. பிரிட்டனின் 2006ஆம் ஆண்டு கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி, தமக்கென அனுப்பப்படாத செய்தியை அனுமதியின்றிக் கேட்பதும் வெளியிடுவதும் குற்றம். இந்தியாவில் தாம்பரம், சூலூர் விமானப்படைத் தளங்களுக்கு அருகில் இருப்பவர்கள் இதைச் செய்துபார்க்க எண்ணவே கூடாது.

சட்டம் இடம்தரும் நாட்டிலும் எதை விடுவது என்ற பொறுப்பு நேரலை நடத்துபவருடையது. 2011 மார்ச்சில், துறைமுகத்தைவிட்டு நகர வேண்டாம் என்று லிபியக் கப்பல்களுக்கு அமெரிக்க விமானம் சிற்றலையில் விடுத்த எச்சரிக்கையை ஐரோப்பிய ஆர்வலர்கள் பதிவுசெய்து பரப்பினர். அது எல்லோரும் கேட்கவே சொல்லப்பட்டது. நடந்துகொண்டிருக்கும் மீட்புப் பணியின் பேச்சு அப்படியல்ல. அதை அந்த நேரத்தில் ஒலிபரப்பாமல் நிறுத்திவைப்பதே முறை.

சொந்த ஆன்டெனா இல்லாதவர்களுக்கு நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழக வெப்எஸ்டிஆர் உதவும். 2008இல் தொடங்கிய அந்தச் சிற்றலை ரிசீவரை உலகின் எந்த மூலையிலிருந்தும் உலாவியில் இயக்கலாம். அதில் 8992, 11175 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசைகளை மேல் பக்கப்பட்டை முறையில் வைத்தால், அமெரிக்க விமானப்படை தன் உலகளாவிய நிலையங்கள் வழியே எழுத்தும் எண்ணுமாக வாசிக்கும் மறைசெய்திகள் சில வேளைகளில் கேட்கும்.